முதல் வீடு வாங்குவோர் கவனத்திற்குச் சில மஸ்அலாக்கள்

தூத்துக்குடியில் துறைமுகத்திலோ உப்பளத்திலோ கடை கண்ணிகளிலோ வேலை பார்த்து, வாடகை வீட்டிலேயே பத்துப் பதினைந்து வருடங்களைக் கழித்துவிட்ட ஒருவர், "நமக்கென்று ஒரு மூன்று சென்ட் போதும்" என்று இடம் தேடப் புறப்பட்டால் இன்று அவர் படும்பாடு சொல்லி முடியாது. துறைமுகம் 1974 இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட காலந்தொட்டே இங்கு மனை விலை ஏறிக்கொண்டுதான் வருகிறது. 2008 இல் நகரம் மாநகராட்சியாயிற்று. 2024 பிப்ரவரியில் ஒரே வாரத்திற்குள் சில்லாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலைக்கும் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கும் அடிக்கல் நாட்டப்பட்டன. 2025 இல் கார் தொழிற்சாலையும் வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய கட்டடமும் திறக்கப்பட்டன. இப்படி ஒவ்வொன்றும் அறிவிக்கப்படும் போதெல்லாம், அங்கு ஒரு நாளும் குடியிருக்கப் போகாதவர்களும் மனை வாங்க வந்துவிடுகிறார்கள். குடியிருக்க வாங்குபவர் விலை கேட்டுவிட்டு வீட்டில் கலந்து பேசித் திரும்புவதற்குள் இடம் கைமாறிப் போய்விடுகிறது.

இந்த அவசரத்தில் மார்க்கச் சட்டம் எங்கெங்கே மீறப்படுகிறது என்பதைத்தான் இங்கு நாம் பார்க்கப் போகிறோம். நம் கடற்கரைப் பகுதியினர் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினராதலால் அதன்படியே சட்டங்களைக் கூறுவோம். ஹனஃபி மத்ஹபில் வேறுபாடு இருக்குமிடத்தை ஆங்காங்கே குறிப்பிடுவோம்.

முதலாவதாக, ஒருவர் பேசி வைத்த இடத்தை மற்றவர் கூட விலை சொல்லித் தட்டிப் பறிப்பது. ஒரு சகோதரர் பேசிக்கொண்டிருக்கும் வியாபாரத்தின் மீது மற்றவர் வியாபாரம் பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்திருக்கிறார்கள். ஆனால் எப்போதிருந்து தடை என்பதைக் கவனிக்க வேண்டும். ஸைது தன் வீட்டை விற்கப் போகிறார். அம்ரு வந்து 38 இலட்சம் கேட்கிறார். ஸைது பதில் ஏதும் சொல்லவில்லை, அல்லது "யோசித்துச் சொல்கிறேன்" என்கிறார். இந்நிலையில் பக்ரு வந்து 40 இலட்சம் கேட்டால் குற்றமில்லை. ஸைது 38 இலட்சத்திற்கு வெளிப்படையாகச் சம்மதித்து, விலை தீர்ந்துவிட்டது என்றால், அதன் பிறகு அதை அறிந்து கொண்டே பக்ரு கூடுதல் விலை சொல்வது ஹராமாகும். பத்திரம் பதிவாகவில்லையே என்று சாக்குச் சொல்ல இடமில்லை.

வீட்டுக்காரரின் நிலை என்ன? இங்கே வாயிலிருந்து வரும் வார்த்தைதான் தீர்மானிக்கிறது. "உமக்கு முடித்துத் தருகிறேன்" என்று ஸைது சொல்லியிருந்தால் அது வாக்குறுதி. அதை முறிப்பது வெறுக்கத்தக்கது. "இந்த விலைக்கு உமக்கு விற்றேன்" என்று அவரும், "வாங்கினேன்" என்று அம்ருவும் சொல்லிப் பிரிந்திருந்தால், ஷரீஅத்தின் பார்வையில் வீடு அம்ருவுடையதாகி விட்டது. பின்னர் ஸைது அதை பக்ருக்கு எழுதிக் கொடுப்பது பிறர் சொத்தை விற்பதாகும். நாட்டுச் சட்டமோ 1882 ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, பதிவு செய்த பத்திரமில்லாமல் உரிமை மாறாது என்கிறது. ஆகவே, பேச்சு முடிந்த அன்றே எழுத்தில் கொண்டுவருவதுதான் வாங்குபவருக்குக் காப்பு. கடனையும் தவணையையும் எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை அறியாதவரில்லை. அப்படியிருந்தும் வீடு வாங்கும்போது மட்டும் "நம்ம ஆள்தானே" என்று விட்டுவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தங்களையும் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது.

கூட விலை கேட்பதே குற்றம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. பகிரங்க ஏலம் ஆகுமானது. வறுமையிலிருந்த ஓர் அன்ஸாரித் தோழருக்காக அவருடைய விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்களே ஏலம் கூறி விற்றுக் கொடுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் வருகிறது. நம் தூத்துக்குடிக்கு ஏலம் புதிதா என்ன? முத்துச் சிலாபம் நடந்த காலத்தில் குளித்தெடுத்த சிப்பிகளைக் கரையிலே குவித்து, குளியாட்களுக்குரிய பங்கைப் பிரித்துக் கொடுத்தபின், சர்க்காருக்குரிய பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். கீழக்கரை, காயல்பட்டினத்து வியாபாரிகள் வந்து கேட்பார்கள். 1961 இல் நடந்ததோடு அது நின்று போயிற்று. அந்த ஏலத்தில் கேட்டவரெல்லாம் வாங்க வந்தவர்கள். இன்று மனை வியாபாரத்தில் நடப்பது வேறு. தரகர் தன் ஆளையே அனுப்பி, "ஒரு சென்ட் ஆறு இலட்சத்திற்கு மெட்ராஸ் பார்ட்டி கேட்டுப் போயிருக்கிறது" என்று சொல்ல வைக்கிறார். வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடும் இதற்குத்தான் 'நஜ்ஷ்' என்று பெயர். இதுவும் ஹராம். ஆனால் ஏமாந்து கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டவருக்கு அந்த வியாபாரத்தை முறிக்கும் உரிமை நம் மத்ஹபின் சரியான சொல்லின்படி கிடையாது. தீர விசாரிக்காதது அவர் குறை என்று இமாம்கள் கூறுகிறார்கள். பாவம் தரகரைச் சேரும், நஷ்டம் வாங்கியவரைச் சேரும். ஆகவே அக்கம்பக்கத்தில் சமீபத்தில் பதிவான இரண்டு மூன்று கிரயங்களை விசாரிக்காமல் விலை பேசக் கூடாது.

விலையை உயர்த்தும் மற்றொரு வழக்கத்தை நாம் அவசியம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. ஐம்பதாயிரமோ ஒரு இலட்சமோ அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாதத் தவணையில் அக்ரிமெண்ட் போட்டுக்கொண்டு, பத்திரம் முடிக்காமலே அந்த இடத்தை வேறொருவருக்கு மேல்விலைக்குக் கைமாற்றி விடுகிறார்கள். இதைச் சாமர்த்தியம் என்று மெச்சுபவர்களும் உண்டு! வாங்கிய பொருளைக் கைவசப்படுத்துவதற்கு முன் விற்பது ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது, நிலமாயினும் சரியே. ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் நிலத்திற்கு மட்டும் விலக்களித்திருக்கிறார்கள். ஆனால் இங்கே நடப்பது வாங்கியதை விற்பது கூட அல்ல, வாங்கப்போவதாகச் சொன்னதை விற்பதாகும். தனக்குச் சொந்தமில்லாததை விற்பதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை. இப்படி மூன்று கை மாறி வந்த மனையைத்தான் கடைசியில் ஒரு ஏழை ஊழியர் தலைச்சுமையாக வாங்குகிறார்.

அட்வான்ஸ் விஷயத்திலும் ஒரு தெளிவு வேண்டும். "தவணைக்குள் முடிக்காவிட்டால் முன்பணம் போய்விடும்" என்ற நிபந்தனையோடு வியாபாரம் செய்வது ஷாஃபிஈ, ஹனஃபி, மாலிகி மூன்று மத்ஹபுகளிலும் கூடாது. ஹன்பலி மத்ஹபில் மட்டும் கூடும். 1993 இல் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, காலவரையறை இருந்தால் கூடும் என்று ஹன்பலி சொல்லை எடுத்துத் தீர்மானித்தது. நம் மத்ஹபைப் பேணுபவர் விற்பவராக இருந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முதல் வீடு வாங்க வந்து, பணம் புரளாமல் திகைத்து நிற்பவருடைய இரண்டு இலட்சத்தை விழுங்குவதை வியாபாரம் என்று நாம் சொல்லமாட்டோம்.

இனி, பணம் சேர்க்கும் வழிகள். நம் தென்மாவட்டங்களில் 'ஒத்திக்கு வீடு' பிடிப்பது பெருவழக்கு. மூன்று இலட்சமோ ஐந்து இலட்சமோ வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திரும்பப் பெறுகிறார்கள். "வாடகை மிச்சம், அந்த மிச்சத்தில் மனை வாங்கலாம்" என்பது கணக்கு. தொழுகை, நோன்பு குறையாதவர்களும் இதில் தவறு காண்பதில்லை. கொடுத்த பணம் கடன். குடியிருப்பு அந்தக் கடனுக்காகக் கிடைக்கும் இலாபம். கடனில் நிபந்தனையிட்டுப் பெறும் இலாபம் வட்டியாகும். வாடகையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் சட்டம் மாறாது. ஹள்ரமவ்த்துப் பிற்கால ஷாஃபிஈ உலமாக்கள் 'பைஉல் உஹ்தா' என்ற ஒரு முறையை அனுமதித்திருக்கிறார்கள். அது விற்பனையாக எழுதப்படுவது, நம்மூர் ஒத்திப் பத்திரம் அப்படியல்ல. மாற்று வழி வேண்டுமானால், கொடுக்கும் தொகையை இத்தனை வருடத்திற்கான வாடகை என்று முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிடலாம். அது கழிந்துபோகும் பணம், திரும்பி வராது. கசப்பாகத்தான் இருக்கும்.

சீட்டு? தள்ளுபடி கூறி எடுக்கும் ஏலச் சீட்டு கூடாது. பத்துப் பேர் மாதந்தோறும் சமமாகப் போட்டு, குலுக்கலிலோ முறை வைத்தோ ஒருவர் முழுத்தொகையும் எடுத்துக்கொள்ளும் சீட்டு கூடும். பெண்கள் இப்படிக் கூடிப் பணம் போட்டு முறைவைத்து எடுப்பதை ஆகுமானது என்று இமாம் வலிய்யுத்தீன் இராக்கீ (ரஹ்) அவர்கள் சொன்னதாகக் கல்யூபி (ரஹ்) தம் ஹாஷியாவில் எழுதியிருக்கிறார்கள்.

பாங்கிக் கடனைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அது வட்டி என்பதில் சந்தேகமில்லை. வட்டியில்லா முறையில் வங்கிச் சேவை தரலாம் என்று ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008 இல் பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கி 2017 இல் அத்திட்டத்தைத் தொடர்வதில்லை என்று அறிவித்துவிட்டது. ஆகவே நமக்குக் கைக்கெட்டிய வழி தவணை வியாபாரம்தான். ரொக்கத்திற்கு 12 இலட்சம், மூன்று வருடத் தவணைக்கு 14 இலட்சம் என்று மனை விற்பவர் சொல்லலாம். இரண்டில் எது என்பதைப் பேச்சு முடியும் முன் தீர்த்து, ஒரே விலையில் வியாபாரத்தை முடித்தால் அது ஆகும். தவணை தவறினால் மேலும் இத்தனை என்று நிபந்தனை வைத்தால் மீண்டும் வட்டியில் விழுந்துவிடுவோம். ஒப்பந்தத் தாளில் அந்த வரி பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பார்க்கவும்.

வீட்டுக்கென்று சேர்த்து வைக்கும் பணம் நிஸாபை எட்டி ஒரு வருடம் கடந்தால் அதற்கு ஜகாத் உண்டு. "வீடு அத்தியாவசியம்தானே" என்று கேட்கலாம். வாங்கிக் குடியேறிய வீட்டுக்கு ஜகாத் இல்லை, வாங்காமல் இருக்கும் பணத்திற்கு உண்டு.

வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் கைபேசியில் வந்த படத்தைப் பார்த்தே கோரம்பள்ளத்திலும் மாப்பிள்ளையூரணியிலும் மனை வாங்கிவிடுகிறார்கள். பார்க்காத பொருளை வாங்குவது நம் மத்ஹபில் செல்லாது. ஹனஃபி மத்ஹபில் செல்லும், பார்த்தபின் முறிக்கும் உரிமையும் உண்டு. இதற்குப் பரிகாரம் எளிது: நம்பிக்கையான ஒருவரை வக்கீலாக நியமித்து அவர் நேரில் பார்த்து வாங்க வேண்டும். சிப்பிக்குள் இருக்கும் முத்தை விற்கக் கூடாது என்று கிதாபுகளில் ஒரு மஸ்அலா உண்டு. வில்லங்கம் பார்க்காத, அங்கீகாரம் இல்லாத மனையும் அப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறதென்று வாங்கியபின் தெரிந்து பயனில்லை.

குறையை மறைப்பதும் பெரும் குற்றம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தூத்துக்குடி நகரின் தாழ்வான தெருக்களில் பல நாள் தண்ணீர் வடியவில்லை. அந்தத் தெருவில் வீடு விற்பவர், சுவரில் நீர் நின்ற கோட்டைச் சுண்ணாம்படித்து மறைத்துவிட்டு விற்பாரானால், அது தெரியவந்த உடனேயே வாங்கியவர் வீட்டைத் திருப்பிக் கொடுக்க உரிமையுடையவர். தாமதித்தால் அந்த உரிமை போய்விடும். கோடையில் வீடு பார்க்கிறவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் விசாரிப்பது நல்லது, அவர்கள் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக, அதிகமாகச் சச்சரவு விளையும் ஒரு விஷயம்: மனைவியின் நகை. பணம் போதாத இடத்தில் முதலில் இறங்குவது அதுதான். 40 இலட்சத்திற்கு வீடு வாங்கும்போது, மனைவியின் நகையை விற்ற 15 இலட்சமும் அதில் சேர்கிறது; பத்திரமோ கணவர் பெயரில் மட்டும் பதிவாகிறது. மஹராக வந்ததும் தாய்வீட்டார் அவளுக்கென்று போட்டதும் அவளுடைய சொந்தச் சொத்து. அவள் வாய்மூடிக் கழற்றிக் கொடுத்ததை அன்பளிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்பளிப்புக்கு ஈஜாப் கபூல் வேண்டும்.

பிள்ளைகளை விட்டுக் கணவர் மௌத்தாகிவிட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். எதுவும் எழுதப்படாவிட்டால் வாரிசுகள் வீடு முழுவதையும் அவர் விட்டுச்சென்ற சொத்தாகவே பங்கிடுவார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 இலட்சம். தன் 15 இலட்சத்தைப் போட்டவளுக்கு 5 இலட்சம்! அதையே கடன் என்று எழுதியிருந்தால், பங்கிடுவதற்கு முன் கடன் 15 இலட்சம் அவளுக்கு. மீதி 25 இலட்சத்தில் எட்டில் ஒன்று 3,12,500. ஆக 18,12,500 ரூபாய். வீட்டில் எட்டில் மூன்று பங்கு அவளுக்கென்று இருவர் பெயரிலும் பதிவு செய்திருந்தாலும் அன்றைய தேதியில் இதே தொகைதான் வரும். ஆனால் வீட்டின் விலை 80 இலட்சமாக ஏறிவிட்டால், கடனாக எழுதியவளுக்கு 23,12,500, பங்குதாரராகப் பதிந்தவளுக்கு 36,25,000. நகையை நகையாகவே கடன் கொடுத்திருந்தால் அதே எடைத் தங்கத்தைத் திருப்பித் தர வேண்டும், ரூபாய்க் கணக்கு இல்லை. மூன்றில் எது என்பதை அவளிடமே கேட்டு, பதிவு நாளுக்கு முன்னரே முடிவு செய்ய வேண்டும்.

சவூதியிலோ துபாயிலோ உழைத்து அனுப்பும் மகன், தகப்பனார் பெயரில் வீடு வாங்குவதிலும் இதே சிக்கல் இருக்கிறது. தகப்பனார் காலமானால் உடன்பிறந்தார் அனைவரும் பங்குக்கு வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பத்திரம் அப்படித்தான் பேசுகிறது. பின்னால் பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. யாருடைய பணம் எவ்வளவு என்பதை வீட்டார் உட்கார்ந்து பேசிவிட்டு, பத்திரம் எழுதுபவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் அந்த விகிதப்படியே எழுதித் தருவார்.