விளம்பரச் சொல்லும் விற்பவர் பொறுப்பும்

விதைப்புக் காலம் நெருங்கியதும் சாவடிச் சுவரிலும், பேருந்து நிற்குமிடத்திலும், இப்பொழுது கைப்பேசித் திரையிலும் விளம்பரங்கள் மலிந்துவிடுகின்றன. ஏக்கருக்கு இத்தனை மூட்டை நிச்சயம் என்கிறது ஒன்று. இம்மருந்தைத் தெளித்தால் பூச்சி அண்டவே அண்டாது என்கிறது மற்றொன்று. அச்சொல்லை நம்பி உழவர் கடன்பட்டு விதை வாங்குகிறார். சொன்னது நடவாவிட்டால் அவர் இழப்பது கொடுத்த விலை மாத்திரமன்று. ஒரு பருவமே பாழாகின்றது. அப்பொழுது, "விளம்பரத்தில் ஆயிரம் சொல்வார்கள், அதற்கெல்லாம் யார் பொறுப்பு?" என்று மனம் சோர்ந்து வாளாவிருப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வினாவுக்குச் சட்டத்தில் தெளிவான விடை உண்டு. அவ்விடை உருவான வரலாற்றை மூன்று பழைய வழக்குகளின் வாயிலாகக் கண்டு, பின்னர் நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம்.

வாக்களித்தவர் கட்டுப்பட வேண்டும்

1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இன்புளுயன்ஸா என்னும் விஷச்சுரம் பரவியிருந்தது. லண்டனிலிருந்த ஒரு கம்பெனி, கார்பாலிக் மருந்துப் பொடி அடைத்த ரப்பர் உருண்டை ஒன்றை விற்றது. அதனை அமுக்கினால் வெளிவரும் புகையை மூக்கால் உறிஞ்ச வேண்டும். நாளொன்றுக்கு மும்முறையாக இரண்டு வாரம் விதிப்படி பயன்படுத்திய பின்னும் ஒருவருக்கு அச்சுரம் கண்டால் 100 பவுன் தருவோம் என்றும், தம் வாக்கின் உண்மைக்குச் சான்றாக 1,000 பவுனை வங்கியில் கட்டியிருப்பதாகவும் கம்பெனியார் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தனர். கார்லில் என்ற அம்மையார் அதனை நம்பி ஓர் உருண்டை வாங்கி, சொன்னபடியே பயன்படுத்தி வந்தார். 1892-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவருக்குச் சுரம் கண்டது.

பணம் கேட்டபோது கம்பெனியார் மறுத்தனர். அது வெறும் விளம்பரப் பேச்சென்றும், உலகம் முழுவதோடும் ஒருவர் ஒப்பந்தம் செய்ய இயலாதென்றும் வாதிட்டனர். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1892 டிசம்பரில் அவ்வாதங்களைத் தள்ளியது. வங்கியில் பணம் கட்டியதாகக் கூறியதே அவ்வாக்கு விளையாட்டன்று என்பதைக் காட்டுகிறது. நிபந்தனையை நிறைவேற்றியவர் எவராயினும் அவருக்கு அவ்வாக்குக் கட்டுப்படும் என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அம்மையார் 100 பவுனைப் பெற்றார்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒரு வேற்றுமையாகும். "உலகிலேயே சிறந்த விதை" என்பது புகழ்ச்சி. அதனை எவரும் அளந்து பார்க்க இயலாது. "இன்ன முறையில் விதைத்தால் நூற்றுக்கு இத்தனை முளைக்கும், முளைக்காவிட்டால் பணம் வாபஸ்" என்பதோ திட்டமான வாக்கு. முன்னதன்மேல் வழக்குத் தொடுப்பது அரிது. பின்னது சொன்னவரைக் கட்டும்.

பொய்யும் கவனக்குறைவும்

ஒப்பந்தம் ஒருபுறமிருக்க, ஒருவர் செயலால் மற்றவருக்குத் தீங்கு நேர்ந்தால் ஈடு செய்யவேண்டும் என்னும் சட்டப்பகுதி ஒன்று உண்டு. இதனைத் தீங்கியல் என்பர். இங்கிலாந்தில் பிளிமத் நகரத்து டிராம் வண்டிக் கம்பெனி ஒன்று, நீராவியால் வண்டிகளை ஓட்டும் உரிமை தனக்கு உண்டெனக் கூறிப் பங்குகளை விற்றது. உண்மையில் அதற்கு அரசாங்க வாரியத்தின் சம்மதம் தேவைப்பட்டது. அச்சம்மதம் முழுமையாகக் கிட்டாமையால் கம்பெனி கலைந்தது. பணம் இழந்த ஒருவர் இயக்குநர்கள்மீது வழக்குத் தொடுத்தார். 1889-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பு இது: பொய்யெனத் தெரிந்தோ, உண்மையென நம்பாமலோ, உண்மையா பொய்யா என்ற கவலையின்றியோ ஒன்றைச் சொன்னால்தான் அது ஏமாற்று, நேர்மையாக நம்பிச் சொன்னவர் ஏமாற்றியவர் ஆகார். இயக்குநர்கள் தப்பினர். பங்கு வாங்குவோருக்கு இது போதிய காவலன்று எனக் கண்ட பாராளுமன்றம் மறு ஆண்டிலேயே இயக்குநர் பொறுப்பு பற்றித் தனிச்சட்டம் இயற்றிற்று. நீதிமன்றம் எட்டாத இடத்துக்குச் சட்டமன்றம் கைநீட்டியதை இங்குக் காண்கிறோம்.

மூன்றாவது வழக்கு ஸ்காட்லாந்தைச் சேர்ந்தது. 1928-இல் டொனஹியூ என்ற பெண்மணிக்கு ஒரு தோழியார் இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார். உள்ளிருப்பது தெரியாத நிறமுடைய புட்டியிலிருந்து அழுகிய நத்தை வெளிவந்ததென்றும், அதனால் தாம் நோயுற்றதாகவும் அவர் வழக்கிட்டார். பணம் கொடுத்தவர் தோழியார். ஆகவே பெண்மணிக்கு எவரோடும் ஒப்பந்தம் இல்லை. ஆயினும், தாம் செய்த பொருள் இடையில் எவராலும் சோதிக்கப்படாமல் மக்களைச் சென்றடையும் என்பதை அறிந்த உற்பத்தியாளர், அதனைப் பயன்படுத்துவோர்பால் கவனம் காட்டக் கடமைப்பட்டவர் என்று பிரபுக்கள் சபை 1932-ஆம் ஆண்டில் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையால் விதித்தது.

நமது நாட்டுச் சட்டம்

இக்கோட்பாடுகள் இந்திய நீதிமன்றங்களிலும் எடுத்தாளப்படுபவை. எளிய மக்கள் இவற்றின் பயனை விரைவில் பெறுமாறு 1986-ஆம் ஆண்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் செய்யப்பட்டது. அதனிடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளைப் பொய்யாக வருணிப்பதும், பொய் உத்தரவாதம் தருவதும், முக்கியச் செய்தியை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரம் என இச்சட்டம் வரையறுக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கு 10 இலட்ச ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்கலாம். வெளிப்படையான உத்தரவாதம் பொய்த்தால், தாம் ஏமாற்றவில்லை, கவனக்குறைவாகவும் இருக்கவில்லை என்று மெய்ப்பித்தாலுங்கூட உற்பத்தியாளர் பொறுப்பிலிருந்து நீங்க முடியாது. பழைய டிராம் வழக்கில் இயக்குநர்கள் தப்பிய வாயில் இங்கு அடைக்கப்பட்டிருப்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக.

உழவர் விளைச்சலை விற்றுப் பணம் ஈட்டுபவர். அவர் எப்படி நுகர்வோர் ஆவார் என்று விதைக் கம்பெனியார் வாதிடுவதுண்டு. ஆந்திரப் பிரதேச உழவர்கள் தேசிய விதைக் கழகத்தின்மீது தொடுத்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டில் இதனை முடிவு செய்தது. உழவரும் நுகர்வோரே. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுபவர் அவர். சோதனைக்கென ஒரு பகுதியை எடுத்து வைத்திருக்க வேண்டுமென அவரிடம் எதிர்பார்ப்பது பொருந்தாது என்றும் நீதிமன்றம் கூறிற்று. விவசாய நிபுணர்கள் நிலத்தைப் பார்வையிட்டு அளித்த அறிக்கைகள் அவ்வழக்குகளில் உழவர்களுக்குத் துணை நின்றன.

நாம் செய்ய வேண்டுவன

முளைப்புக் குறைந்ததெல்லாம் விற்றவர் குற்றம் ஆகிவிடாது. மழை பொய்த்தாலும், விதைக்கும் முறை தவறினாலும் அவ்வாறு நேரலாம். ஆதலின் சான்று இன்றியமையாதது. குவியல் எண் குறித்த ரசீதைக் கேட்டுப் பெறுக. பையையும் அதன் சீட்டையும் அறுவடை வரை எறியாது வைக்க. வாக்களித்த துண்டுப் பிரசுரத்தையோ கைப்பேசிச் செய்தியையோ அழியாது காக்க. குறை தென்பட்டவுடன், பயிரை மடக்கி உழுமுன், வேளாண்மை அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவித்து நிலத்தைப் பார்வையிடச் செய்க. தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். வழக்கறிஞர் வைத்தே தீரவேண்டும் என்பதில்லை. யோசனை வேண்டுவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு சொல். கம்பெனிகள் தம் விளம்பரத்தில் ஊர்ப் பெரியவரின் படத்தையோ, ஒரு நிறுவனத்தின் பெயரையோ முத்திரையையோ சேர்க்க விரும்புவதுண்டு. அவ்வாறு இடங்கொடுப்பதும் சட்டப்படி பரிந்துரையே ஆகும். பொருளைத் தீர விசாரியாது பரிந்துரைத்தவருக்கும் தண்டம் உண்டு. தண்டத்தினும் பெரிது ஊரார் வைத்த நம்பிக்கை. கம்பெனியின் சொல்லை நம்பாதவரும் பஞ்சாயத்தின் சொல்லை நம்பி வாங்குவர். அந்நம்பிக்கையைக் காத்து, பாதிக்கப்பட்டவர்களை ஒன்று சேர்த்து, சான்றுகளைத் திரட்டி முறையிட உதவுவதே பஞ்சாயத்துக்கு அழகாகும்.