உப்புக் காற்றும் எங்கள் வீட்டுக் கம்பியும்

(அறிவியல் பகுதி: உலோகங்களும் வேதிவினைகளும்)



உலோகங்கள் பாடத்தை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பளபளப்பாக இருக்கும், தகடாக அடிக்கலாம், கம்பியாக நீட்டலாம், வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்தும் என்று எழுதினால் மார்க் வந்துவிடும். நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். போன மழைக்காலத்தில் நடந்த ஒரு விஷயம்தான் என்னைத் திரும்பப் படிக்க வைத்தது.

ஒரு நாள் காலை என் தங்கை பல் தேய்க்க எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் மேல் தளத்திலிருந்து சிமெண்ட் காரை பெரிய துண்டாகப் பெயர்ந்து அவளுடைய தலையணை மேலே விழுந்தது. ஆயா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. மேலே பார்த்தால் உள்ளே இருந்த கம்பி தெரிந்தது. அது ஏடு ஏடாக உரிந்து, தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

என் அப்பா காசிமேட்டில் படகுகளுக்கு வெல்டிங் வேலை செய்கிறவர். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "காரை விழுந்ததால கம்பி கெடலம்மா. கம்பி கெட்டதாலதான் காரை விழுந்துச்சு" என்றார். எனக்குப் புரியவில்லை. துருப்பிடித்தால் இரும்பு தேய்ந்து சின்னதாகத்தானே ஆகும்? அது எப்படி காரையைத் தள்ளும்? சயின்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன். மிஸ் பதில் சொல்லாமல் ஆறு பாட்டில்களும் ஒரு பிடி புது ஆணியும் கொடுத்தாங்க.

சோதனை (10 நாட்கள்)

1. மூடிய பாட்டிலில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு + ஆணி: துரு இல்லை.
2. கொதிக்க வைத்த தண்ணீர், மேலே எண்ணெய் + ஆணி: துரு இல்லை.
3. குழாய்த் தண்ணீர் + ஆணி: துரு வந்தது.
4. நம்ம ஊர்க் கடல் தண்ணீர் + ஆணி: துரு வந்தது.
5. கடல் தண்ணீர் + தாமிரக் கம்பி சுற்றிய ஆணி: எல்லாவற்றையும் விட அதிகத் துரு!
6. கடல் தண்ணீர் + துத்தநாகத் தகடு சுற்றிய ஆணி: ஆணி சுத்தம். ஆனால் தகட்டின் மேல் வெள்ளையாகப் பொடி.

முதல் பாட்டிலில் நீர் இல்லை. இரண்டாவதில் காற்று இல்லை. ஆகவே துருப்பிடிக்க இரண்டுமே வேண்டும்.

இரும்பு + ஆக்சிஜன் + நீர் → நீரேறிய இரும்பு ஆக்சைடு (துரு)

உப்பு என்ன செய்கிறது? உலோகத்தின் முக்கியக் குணம் எலக்ட்ரானை இழப்பது. இரும்பு எலக்ட்ரானை இழந்து அயனியாகித் தண்ணீரில் போகிறது. அந்த எலக்ட்ரானை ஆக்சிஜனும் நீரும் வாங்கிக்கொள்கின்றன. உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். அதனால் இந்தக் கொடுக்கல் வாங்கல் வேகமாக நடக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கிறது. காத்திவாக்கத்தில் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். காற்றே உப்பு! அதனால்தான் நம்ம ஊரில் சைக்கிள் செயினும் ஜன்னல் கம்பியும் சீக்கிரம் போய்விடுகின்றன.

யார் முதலில் கொடுப்பார்?

வினைபடு வரிசையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்:

பொட்டாசியம் > சோடியம் > கால்சியம் > மெக்னீசியம் > அலுமினியம் > துத்தநாகம் > இரும்பு > காரீயம் > ஹைட்ரஜன் > தாமிரம் > பாதரசம் > வெள்ளி > தங்கம்

இரண்டு உலோகங்கள் ஒட்டிக்கொண்டு உப்புத் தண்ணீரில் இருந்தால், பொதுவாக வரிசையில் மேலே இருப்பதுதான் கரையும். தாமிரத்தோடு சேர்ந்தால் இரும்பு மேலே, எனவே இரும்பு போகிறது. துத்தநாகத்தோடு சேர்ந்தால் துத்தநாகம் மேலே, எனவே இரும்பு பிழைக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, "இரும்புப் படகுக்கு அடியில ஜிங்க் கட்டி வெச்சு அடிக்கிறோமே, எதுக்குன்னு நினைச்ச? அது கரைஞ்சா படகு பொழைக்கும். கரைஞ்சதும் வேற மாத்தணும்" என்றார். நான் பத்து நாள் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது! இரும்பு வாளிக்கும் கூரைத் தகட்டுக்கும் நாகமுலாம் பூசுவதும் இதற்காகத்தான்.

'அலுமினியம் இரும்புக்கு மேலே இருக்கிறதே, அது ஏன் துருப்பிடிப்பதில்லை?' என்று கேட்பீர்கள். அலுமினியம் காற்றோடு உடனே வினைபுரிகிறது. ஆனால் உண்டாகும் ஆக்சைடு மெல்லிய போர்வையாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கிறது. இரும்பின் துரு அப்படி ஒட்டாது. அது உதிர்ந்து, அடுத்த ஏட்டுக்கு வழி விடும். புளியும் உப்பும் அந்தப் போர்வையை அரிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்திருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

காரை ஏன் விழுந்தது?

துரு, இரும்பை விட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். இதுதான் என் கேள்விக்குப் பதில். சிமெண்ட் காரத்தன்மை உள்ளது, அதன் பி.எச். மதிப்பு 12-க்கு மேல். அந்தக் காரம் கம்பி மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கும். உப்பில் உள்ள குளோரைடு விரிசல் வழியாக உள்ளே போய் அந்தப் படலத்தை உடைத்துவிடும். கம்பி ஊதும், காரை வெடிக்கும். கழுவாத கடல் மணலில் கட்டினால் உப்பு முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கும்.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமல்ல. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடித்த பாகங்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறந்தார்கள். அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், அரிமானத்தைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் என்ற பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். எஃகு எப்படித் துருப்பிடிக்காமல் இருக்கிறது? அதில் சேர்த்த குரோமியம், அலுமினியம் போலவே ஆக்சைடு போர்வை போடுகிறது. அரிமானத்தையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் 1953 முதல் இயங்குகிறது. நம்மில் யாராவது அங்கே போய்ப் படிக்கலாமே!

வீட்டில் பாருங்கள்

* தளத்திலோ தூணிலோ பழுப்புக் கறை இருக்கிறதா?
* கம்பி போகும் வழியில் நேர்க்கோடாக விரிசல் விட்டிருக்கிறதா?
* குச்சியால் மெதுவாகத் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வருகிறதா?

இருந்தால் அந்த இடத்துக்குக் கீழே படுக்காதீர்கள். பெரியவர்களிடம் சொல்லுங்கள். மேலே சுண்ணாம்பு அடித்தால் கறை மறையும், துரு மறையாது. கெட்ட காரையை எடுத்து, துருவைச் சுரண்டி, பூச்சு அடித்துத்தான் மூட வேண்டும். அப்பா ஒரு அறையை அப்படிச் சரிசெய்துவிட்டார். இன்னொரு அறை, காசு சேர்ந்த பிறகு. அதுவரை தங்கையின் பாயை நாங்கள் சுவரோரம் தள்ளிப் போட்டிருக்கிறோம்.

மூளைக்கு வேலை

1. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணி போட்டால் சிவப்பாகப் படிவது துருவா, வேறா?
2. இரும்புக் குழாயில் பித்தளைக் குழாய் மாட்டினால் எது முதலில் கெடும்?

விடையைத் தாளில் எழுதி சயின்ஸ் மிஸ்ஸிடம் கொடுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு