பியானோக்காரர் முன்னால் தாள் ஏன் இல்லை?

கேள்வி: ஆர்கெஸ்ட்ராவில் எத்தனை பேர் இருந்தாலும் எல்லோர் முன்னாலும் இசைத்தாள் இருக்கிறது. தனியாகக் கச்சேரி செய்யும் பியானோ கலைஞர் மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒரு தாளும் இல்லாமல் வாசிக்கிறாரே, எப்படி? இவர்களுக்கு ஞாபகசக்தி பிறவியிலேயே அதிகமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நல்ல இடத்தில் கண் வைத்திருக்கிறீர்கள் அம்மா. பக்கம் பக்கமாகப் படம் பிடித்து மூளையில் ஒட்டிவைத்திருப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இதே கலைஞர் மறுநாள் ஒரு வயலின்காரரோடு சேர்ந்து வாசிக்கும்போது பாருங்கள். பியானோ மேல் தாள் விரிந்திருக்கும். இடப்பக்கம் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பியானோக்காரர் லேசாகத் தலையசைத்ததும் எழுந்து, இடது கையால் தாளின் மேல் ஓரத்தைப் பிடித்துச் சத்தமில்லாமல் புரட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார். ஒரே ஆள், ஒரே மூளை. ஆகவே இதில் பாதி வழக்கம்தான்.

அந்த வழக்கம் பழையதும் அல்ல. பிற்காலத்தில் கிளாரா ஷூமான் என்று புகழ்பெற்ற கிளாரா வீக், 1837-இல் தன் 17-ஆம் வயதில், பெர்லினில் பேத்தோவனின் ‘அப்பாஸியோனாட்டா’வைத் தாள் இல்லாமல் வாசித்தார். கைதட்டியவர்கள் உண்டு, ‘என்ன திமிர் இந்தப் பெண்ணுக்கு’ என்கிற மாதிரி முகம் சுளித்தவர்களும் உண்டு. அடுத்தவர் படைப்பை நினைவிலிருந்து வாசிப்பது அன்று மரியாதைக் குறைவு! பிறகு அதே வழியில் பியானோ கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்ட் வந்தார். 1840-இல் லண்டனில் தன் தனிக் கச்சேரிக்கு ‘ரிசைட்டல்’ என்று பெயர் வைத்தார். கவிதை ஒப்பிப்பதற்குச் சொல்லும் வார்த்தை அது. பியானோவில் எப்படி ஒப்பிப்பது என்று ஊரே கேலி பேசியது; பெயர் நிலைத்துவிட்டது.

மீதிப் பாதி, கை செய்யும் வேலை. லிஸ்டின் ‘லா காம்பனெல்லா’வில் வலது கை கண் இமைக்கும் நேரத்தில் இரண்டு ஸ்தாயி தாண்டிக் குதிக்கிறது. கண் கட்டையில் இருக்க வேண்டிய நேரத்தில் தாளைப் பார்க்க முடியுமா?

சரி, மனப்பாடம் எப்படி நிற்கிறது? விரலுக்கு ஒரு பழக்க நினைவு, காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. மூன்றும் போதாது. விரல் நினைவு சைக்கிள் ஓட்டுவது போல; யோசித்தால் தடுமாறும். அரங்கில் யாராவது இருமினாலே போதும்.

பெரிய ஆபத்து ‘சொனாட்டா வடிவ’த்தில் இருக்கிறது. முதலில் கேட்ட மெட்டுகள் கடைசியில் திரும்ப வரும் அமைப்பு அது. முதல் தடவை மெட்டு வேறொரு சுருதிக்குத் தாவும்; இரண்டாம் தடவை சொந்த சுருதியிலேயே தங்கும். பிரியும் இடம் வரை இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். விரலை நம்பி விட்டால் அது பழைய தெருவுக்குள் திரும்பிவிடும். அப்புறம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து, முடிக்கத் தெரியாமல் சுற்ற வேண்டியதுதான். அதனால் நன்றாகத் தயாராகிறவர்கள் வழியைப் படிக்கிறார்கள்: இங்கே எந்த சுருதி, எந்த ஸ்வரத்தில் பிரிகிறது, தவறினால் எங்கே போய் ஏறிக்கொள்ளலாம். நடுவில் எந்த இடத்தைச் சொன்னாலும் அங்கிருந்து தொடங்கிப் பழகுகிறார்கள். வேகத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, விரல் பழக்கம் கைகொடுக்காத நிலையிலும் வாசித்துப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் கச்சேரியைவிட இந்தச் சோதனைதான் கடினம்.

தாளோடு தனிக் கச்சேரி செய்த மேதைகளும் உண்டு. ஸ்வியாத்தோஸ்லாவ் ரிக்டர் தன் கடைசிக் காலத்தில் அரங்கை இருட்டாக்கி, தாளின் மேல் மட்டும் ஒரு சின்ன விளக்கு எரிய வாசித்தார். அவர் ரிக்டர், யார் கேட்பது? வார்சாவில் 1927-இல் தொடங்கிய சோப்பின் பியானோ போட்டிக்குப் போகிற இருபது வயதுப் பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே மனப்பாடமாகத்தான் வாசிக்க வேண்டும் என்பது விதி.