குடலிறக்கமும் அதன் அபாயக் குறிகளும்

பயிர்த்தொழிலுக்கென நடைபெறும் பத்திரிகையில் மனிதரின் தேக உபாதையொன்றைக் குறித்து எழுதுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும், களத்திலும் நெல் கொள்முதல் நிலையங்களிலும் மூட்டை தூக்கும் ஆட்களிடையே இவ்வுபாதையைப் போல் வெளியிற் சொல்லாது மறைக்கப்படுவது வேறொன்றில்லை. மாட்டுக்குக் கோமாரி கண்டால் அன்றே கால்நடை வைத்தியரைத் தேடிச் செல்கிறவர், தமது தொடையிடுக்கில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு ஆண்டுக்கணக்கில் இருந்துவருவதை வீட்டாருக்கும் சொல்வதில்லை. வெட்கம் ஒரு காரணம். அறுவடை முடியட்டும் என்னும் எண்ணம் மற்றொரு காரணம். இவற்றுள் இரண்டாவது எண்ணம் எப்பொழுதும் தவறன்று. எந்தப் புடைப்பு அறுவடை முடியும்வரை காத்திருக்கலாம், எது ஒரு நாழிகையும் காத்திருத்தலாகாது என்று பகுத்தறிவதே இங்கு வேண்டப்படுவது.

வயிற்றின் சுவரில் பலவீனமான ஓரிடத்தின் வழியாகக் குடலின் ஒரு மடிப்போ, குடலைப் போர்த்துள்ள கொழுப்புச் சவ்வோ வெளியே பிதுங்கி வருவதே குடலிறக்கம். டாக்டர்கள் இதனை ஹெர்னியா என்பர். நாட்டுப்புறங்களில் அண்டவாதம், விரைவாதம் என்னும் பெயர்களால் இதனையும் வேறு வீக்கங்களையும் ஒன்றாகவே வழங்குகின்றனர். ஆண்மகவு கருவிலிருக்கும்போது விரைகள் வயிற்றினுள்ளிருந்து கீழே இறங்கிவந்த பாதை தொடையிடுக்கில் உண்டு. அப்பாதை என்றும் சற்று வலிவு குறைந்ததாதலின், ஆண்களுக்கே இந்நோய் பெரும்பாலும் வருகின்றது. இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட ஒரு கணக்கின்படி, வாழ்நாளில் ஆண்களில் நூற்றுக்கு 27 பேருக்கும் பெண்களில் நூற்றுக்கு 3 பேருக்கும் தொடையிடுக்குக் குடலிறக்கத்திற்காக ரணசிகிச்சை செய்ய நேரிடுகின்றது. ஆகவே இதில் வெட்கப்படுவதற்கு யாதொன்றுமில்லை.

வரப்பில் நண்டு வளையிட்ட இடத்தை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். வயலில் நீர் குறைவாக நிற்கும்போது வளை இருப்பதே தெரியாது. நீர் ஏறினால் அவ்விடத்தில்தான் உடைப்பெடுக்கும். அவ்வாறே இருமும்போதும், முக்கி மலங்கழிக்கும்போதும், பாரந் தூக்கும்போதும் வயிற்றினுள் அழுத்தம் மிகுந்து புடைப்பு வெளிப்படுகின்றது. படுத்தால் அழுத்தம் தணிந்து உள்ளே சென்றுவிடும். மூட்டை தூக்குவதனால் மாத்திரமே இந்நோய் உண்டாகிறதென்று சொல்வதற்கில்லை. பிறவியிலேயே வலிவற்றிருந்த இடத்தைப் பாரம் வெளிக்காட்டிவிடுகிறது என்பதே பல சமயங்களில் பொருத்தம். பீடி, சுருட்டினால் வரும் ஓயாத இருமலும், நாட்பட்ட மலச்சிக்கலும், முதியோருக்குச் சிறுநீர் கழிக்க முக்க நேருவதும் இதற்குத் துணைசெய்வன.

புடைப்பு நின்றால் தோன்றி, படுத்தால் தானே மறைந்து, நோவின்றியோ சிறிதளவு கனத்த உணர்ச்சியோடோ இருக்குமாயின், அஃது அவசரமன்று. அமெரிக்காவில் இத்தகைய தொல்லை குறைந்த குடலிறக்கமுள்ள 720 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே ரணசிகிச்சை செய்தும், மற்றோரைக் கண்காணித்து மாத்திரம் வந்தும் நடத்திய ஆராய்ச்சியொன்று 2006-ல் வெளியாயிற்று. கண்காணிக்கப்பட்டவர்களில், ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் ஏறக்குறைய இருவருக்கே குடல் திடீரெனச் சிக்கிக்கொண்டது. எனவே டாக்டரிடம் ஒருமுறை காட்டி, அவர் சம்மதித்தால், சம்பா அறுவடை முடியும்வரை பொறுத்திருப்பதில் பெருந்தவறில்லை. ஆனால் அப்படிப் பொறுத்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பத்தாண்டுக்குள் நோவு மிகுந்து ரணசிகிச்சைக்கே வந்தனர் என்பதையும் மறத்தலாகாது. தோல் வாரும் பெல்ட்டும் கட்டிக்கொண்டு காலந்தள்ளுவதால் ஓட்டை அடைபடுவதில்லை.

இனி அபாயத்தைக் கூறுவோம். கன்றின் காலில் கயிறு இறுகச் சுற்றிக்கொண்டால், கயிற்றுக்குக் கீழே முதலில் வீக்கம் கண்டு, பிறகு கறுத்து, முடிவில் அழுகிப்போவதைக் கண்டவர் பலர். வெளியே வந்த குடல் மடிப்பின் கழுத்து அவ்வோட்டையில் இறுகினாலும் அதுவே நிகழ்கிறது. இரத்தம் திரும்பிச் செல்லும் நாளங்கள் முதலில் அடைபடும், குடல் வீங்கும், வீங்கவே பிடி இன்னும் இறுகும், பின்னர் இரத்தம் உள்ளே வருவதும் நின்றுவிடும். சுமார் ஆறு மணி நேரத்திற்குள்ளாகவே குடலின் சுவர் சாகத் தொடங்கக்கூடும். செத்த குடல் ஓட்டை விழுந்து, மலநீர் வயிற்றினுட் பரவினால் உயிருக்கே ஆபத்து.

வழக்கமாக உள்ளே போகும் புடைப்பு, படுத்த பின்னும் உள்ளே போகாமல் நிற்பதே முதற்குறி. அதனோடு திடீரென்று நோவு கண்டு அது மேன்மேலும் மிகுதலும், புடைப்பு கல்போல் கெட்டிப்பட்டுத் தொடவொண்ணாதபடி இருத்தலும், இருமினாலும் அது முன்போல் அசையாதிருத்தலும் சேர்ந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. குமட்டலும் வாந்தியும் தொடரும். வாந்தி பின்னர்ப் பச்சையாகவோ மல நாற்றத்துடனோ வரலாம். வயிறு உப்பி, மலமும் காற்றும் பிரியாமல் நின்றுபோகும். மேலுள்ள தோல் சிவந்தோ நீலம் பாய்ந்தோ காண்பதும், காய்ச்சலும், நாடி விரைவதும் காலங் கடந்துவருவதைக் காட்டுவன. இவை யாவும் ஒருங்கே தோன்றட்டும் என்று காத்திருப்பதைப்போற் பேதைமை வேறில்லை. உள்ளே போகாத புடைப்பும் புதிய நோவும் ஆகிய இரண்டுமே புறப்படப் போதுமானவை.

இங்கு இருவகையில் ஏமாறுவதுண்டு. குடலின் சுவரில் ஒரு பக்கம் மாத்திரம் சிக்கிக்கொண்டால் மலம் கழிந்துகொண்டேயிருக்கும். ‘வெளிக்குப் போயிற்று, இனிப் பயமில்லை’ என்பது பொய்யான ஆறுதல். அன்றியும், கடுமையாக நொந்துகொண்டிருந்த புடைப்பு சில மணி நேரத்திற்குப் பிறகு நோவு குறைந்து, நோயாளி மாத்திரம் சோர்ந்து வியர்த்துக் கிடப்பாராயின், அது குணமன்று; குடல் செத்ததனால் நோவு அடங்கியிருக்கலாம்.

வழக்கத்தில் செய்யப்படும் சில காரியங்கள் நோயைக் காட்டிலும் கொடியவை. இறுகிய புடைப்பை எண்ணெய் தடவி உருவி உள்ளே தள்ளுதல் கூடாது. நலிந்த குடல் கிழியலாம். அல்லது இறுக்கிய கழுத்தோடேயே உள்ளே சென்று, வெளியில் வீக்கம் மறைந்து, அபாயம் கண்ணுக்குத் தெரியாமல் வளரலாம். ‘வாயு பிடித்துக்கொண்டது’ என்று விளக்கெண்ணெயோ வேறு பேதி மருந்தோ கொடுப்பதும், தவிட்டு ஒத்தடமிடுவதும், சோடா குடிக்கச் செய்வதும் தகாதன. நான் வேலை பார்த்த ஒரு பிர்க்காவில், மூட்டை ஏற்றும் ஆள் ஒருவருக்குப் பிற்பகலில் நோவு கண்டது. அன்று மாலை உருவுதலும் இரவு விளக்கெண்ணெயும் ஆயின. விடியற்காலையில் வாந்தி நிற்காமையால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயினர். குடலில் ஒரு சாண் நீளத்திற்கு மேல் வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. அவர் பிழைத்தார்; எனினும் அவ்வாண்டு முழுவதும் வேலைக்கு வரவில்லை. பிற்பகலிலேயே புறப்பட்டிருந்தால் அக்குடல் மிஞ்சியிருக்கக்கூடும் என்று டாக்டர் சொன்னதாக அவருடைய தமையனார் என்னிடம் கூறினார்.

வண்டி வரும்வரை நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பின்கீழ்த் தலையணை வைத்தல் நலம். ஆகாரமும் பானமும் ஒன்றும் கொடுத்தலாகாது. மயக்கமருந்து கொடுக்க வயிறு வெறுமையாயிருத்தல் வேண்டும். நோவு தொடங்கிய மணியைக் குறித்துக்கொண்டு, அவர் வழக்கமாக உண்ணும் மருந்துகளையும் எடுத்துச் செல்லவேண்டும். இதற்கிடையில் புடைப்பு தானே உள்ளே சென்றுவிட்டாலும் பிரயாணத்தை நிறுத்தாது அன்றே டாக்டரிடம் காட்டுதல் அவசியம்.

பெண்களுக்கு இந்நோய் குறைவாயினும் அபாயம் மிகுதி. நடவு நடும் ஸ்திரீகளுள் நடுவயது கடந்தவர்களுக்குத் தொடை மடிப்புக்குச் சற்றுக் கீழே, பாக்கு அளவில் சிறு கட்டி தோன்றலாம். நெறிக்கட்டு என்று எண்ணி அதனை விட்டுவிடுகிறார்கள். அவ்வழி மிகக் குறுகலானது. 1991-ல் இங்கிலாந்தில் வெளியான கணக்கின்படி, தொடைவழிக் குடலிறக்கம் தோன்றிய மூன்று மாதத்திற்குள் நூற்றுக்கு 22 பேருக்கு இறுகிவிட்டது. தொடையிடுக்கு வகையிலோ நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. ஆகவே இவ்வகையில் அறுவடை வரையிற் பொறுத்தல் என்பதே கிடையாது. பிரசவத்தின்போதோ வேறு காரணத்தாலோ வயிற்றைக் கீறிய வடுவில் வரும் புடைப்புக்கும் மேற்சொன்ன அபாயக் குறிகளே பொருந்தும்.

கைக்குழந்தைகளுக்குத் தொடையிடுக்கில் புடைப்புக் கண்டால் தாமதமின்றிக் காட்டவேண்டும். அவர்களுக்கு விரைவில் சிக்கிக்கொள்ளும். தொப்புளில் வரும் புடைப்போ பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். அதன்மேற் காசு வைத்துக் கட்டுவதால் புண்ணாவதேயன்றிப் பயனில்லை. (கன்றுகளின் தொப்புளிலும் இவ்வாறு வருவதுண்டு. அதைப்பற்றி வேறொரு சமயம் எழுதுவோம்.)

காவிரிக் கழிமுகத்து ஊர்களில் யானைக்கால் நோயின் பலனாக விரையில் நீர் கோத்தல் நெடுங்காலம் மிகுந்திருந்தமையால், விரைவீக்கம் எல்லாமே அதுதான் என்று கருதுவது அங்குள்ளோர் வழக்கம். நீர்க்கோவை படுத்தாலும் குறையாது. வீக்கம் விரைப்பையோடு நின்றுவிடும். குடலிறக்கம் மேலே தொடையிடுக்கிலிருந்து இறங்கி வரும். இரண்டும் ஒருவருக்கே இருத்தலும் கூடும். யாதாயினும், ஊசியாற் குத்தி நீரிறக்க முற்படுவோரிடம் போகாதிருக்க வேண்டும். குத்துபடுவது குடலாக இருக்கலாம். முன்பு ஒன்றுமில்லாத வாலிபனுக்குத் திடீரென விரையில் தாங்கமுடியாத நோவு கண்டால், விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கும் ஆறு மணி நேரமே கெடு.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதில் செய்யக்கூடியது மிகுதி. 108 வண்டிக்குத் தொலைபேசியிற் சொல்லும்போது ‘வயிற்று வலி’ என்று மாத்திரம் சொல்லாமல், ‘குடலிறக்கம் உள்ளே போகவில்லை, நோவும் வாந்தியும் இருக்கின்றன’ என்று சொல்லவேண்டும். ரணசிகிச்சை டாக்டரும் மயக்கமருந்து டாக்டரும் இரவிலும் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்ளலாம். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் அத்தகையவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கு ரணசிகிச்சை இல்லை. அங்கே கழியும் இரண்டு மணி நேரம் குடலுக்குக் கேடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர வருமானச் சான்று வேண்டியிருப்பதால், மூட்டை தூக்கும் குடும்பங்களுக்கு அதனை அறுவடைக்கு முன்பே வழங்கிவிடுதல் நன்று. அட்டை இல்லையென்று நோயாளியை வீட்டில் வைத்திருத்தல் வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் அட்டையின்றியும் சிகிச்சை உண்டு.

முன்கூட்டிச் செய்துகொள்ளும் ரணசிகிச்சை இப்பொழுது எளிது. இத்தாலி தேசத்துப் பசீனி என்பார் 1880-களில் தசைகளை இழுத்துத் தைக்கும் முறையை வகுத்தார். இக்காலத்தில் இழுத்துத் தைப்பதற்குப் பதிலாக வலைத்துணி வைத்து ஓட்டையை அடைக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் தோண்டாயிச்சா என்னும் சிற்றூரில் டாக்டர் டோங்காவ்ங்கர், விலையுயர்ந்த அயல்நாட்டு வலைக்குப் பதிலாகச் சுத்திகரித்த கொசுவலைத் துணியையே பயன்படுத்திப் பலருக்குக் குணமளித்தார். பின்னர் உகாண்டாவில் 302 ஆண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2016-ல் வெளியிட்ட முடிவும் ஓராண்டளவில் பெரிய வேற்றுமை இல்லையென்றே காட்டிற்று.

ரணசிகிச்சைக்குப் பின் சிறு வேலைகளை இரண்டொரு வாரத்தில் தொடங்கலாம். பாரந் தூக்குதல் டாக்டர் அனுமதித்த பிறகே, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் கழித்து. அதுவரை அவ்வாளுக்குக் களத்தில் நெல் காயும் இடத்தைக் காத்தல், மூட்டைக் கணக்கு எழுதுதல், மடை பார்த்தல் முதலிய வேலைகளைக் கொடுத்து, வழக்கமான கூலியையும் மிராசுதாரர்கள் கொடுத்துவந்தால், அடுத்த ஆள் தமது புடைப்பை மறைக்காமல் வந்து சொல்வார்.