பெயர் இரண்டு, மருந்து ஒன்று

பாட்டிக்கு வயது 70. கோலார் தங்கவயலில் மகன் வீட்டில் இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அரசு மருத்துவமனையில் மாத்திரை தருகிறார்கள். தினமும் காலையில் ஒன்று சாப்பிடுவார்.

ஒரு முறை பெங்களூரில் உள்ள மகள் வீட்டுக்குப் போனார். அங்கே கால் எரிச்சல் வந்தது. மகள் வேறு டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவரும் சர்க்கரைக்கு மாத்திரை எழுதினார். பழைய மாத்திரையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய பாட்டி இரண்டையும் சாப்பிட்டார். அட்டை வேறு, நிறம் வேறு. அதனால் மருந்தும் வேறு என்று நினைத்தார்.

மூன்றாம் நாள் மாத்திரை போட்டவர், கஞ்சி குடிக்க மறந்துவிட்டார். சற்று நேரத்தில் உடல் வியர்த்தது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. மருமகள் பயந்து போனாள். பக்கத்து வீட்டு நர்ஸ் ஓடி வந்தார்.

"சர்க்கரை குறைந்துவிட்டது. நல்ல வேளை, நினைவு இருக்கிறது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடு" என்றார்.

கால் மணி நேரத்தில் பாட்டி தெளிந்தார். ஆனாலும் நர்ஸ் விடவில்லை. "மாத்திரையின் வேகம் இன்னும் இருக்கும். மறுபடியும் குறையலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார்.

மருமகள் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் எடுத்துப் போனாள். டாக்டர் இரண்டு அட்டைகளை அருகருகே வைத்தார்.

"பாரம்மா, ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு பெயர் இருக்கிறது. ஒன்று கம்பெனி வைத்த பெயர். இன்னொன்று மருந்தின் பெயர்" என்றார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, டாக்டர்!"

"எழுத்தின் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்."

மருமகள் எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். கம்பெனிப் பெயர் வேறு வேறு. மருந்தின் பெயர் ஒன்றே! இரண்டும் கிளிமிபிரைடு. பாட்டி ஒரே மருந்தை இரண்டு மடங்கு சாப்பிட்டிருக்கிறார்.

டாக்டர் ஒன்றை நிறுத்தினார். மருமகள் வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் எழுதினாள். எந்த மாத்திரை, எந்த வேளை, எத்தனை? அந்தத் தாள் இப்போது சுவரில் இருக்கிறது.

நினைவில் கொள்வோம்

1. எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மருந்துகளையும் எடுத்துச் செல்வோம். நாட்டு மருந்தையும் காட்டுவோம்.

2. ஒரு வேளை மறந்தால், அடுத்த வேளை இரண்டாகச் சாப்பிடக் கூடாது.

3. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

4. அட்டையில் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதியைக் கடைசி வரை கிழிக்கக் கூடாது.

5. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

பயிற்சி

உங்கள் வீட்டுப் பெரியவர் சாப்பிடும் மருந்துகளைப் பட்டியலாக எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டைகளில் இருக்கிறதா? சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.