ஆணிவேரும் நார்வேரும்



இந்தத் தடவை வேரைப் பற்றிக் கொஞ்சம் படிப்போம். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

தோட்டத்தில் ஒரு முளைக்கீரையையும் ஒரு புல்லையும் பிடுங்கிப் பாருங்க. கீரையில் ஒரு தடித்த வேர் நேரே கீழே போகும். அதிலிருந்து சிறு வேர்கள் கிளைக்கும். இதுதான் ஆணிவேர். போஞ்சி, மிளகாய், பலா எல்லாம் இந்த வகை. புல்லில் அப்படி ஒரு தலைவேர் கிடையாது. ஒரே அளவான மெல்லிய வேர்கள் கொத்தாக இருக்கும். இது நார்வேர். சோளம், லீக்ஸ், வெங்காயம் இந்த வகை.

இலையைப் பார்த்தும் பெரும்பாலும் சொல்லிவிடலாம். நரம்பு வலைபோல இருந்தால் ஆணிவேர். நீளமாக, சமாந்தரமாக ஓடினால் நார்வேர்.

கரட், முள்ளங்கியில் நாம் சாப்பிடுவதே ஆணிவேரைத்தான். அதனால்தான் அவற்றை நாற்றாகப் பிடுங்கி நடுவதில்லை. வேர் நுனி முறிந்தால் கிழங்கு இரண்டாகப் பிளந்து வளரும். விதையை நேரே பாத்தியில் போடுங்கள்.

நமது தேயிலையிலும் வித்தியாசம் உண்டு. விதையில் வந்த பழைய தேயிலைக்கு ஆணிவேர் உண்டு. அது ஆழமாகப் போய் வரட்சியைத் தாங்கும். தவறணையில் தண்டு வெட்டி வளர்க்கும் வீ.பி. தேயிலைக்கு உண்மையான ஆணிவேர் இல்லை. வெயில் காலத்தில் அது முதலில் வாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி எங்கள் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பாம்புக்குப் பயந்து, ஒரு லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் புல்லை வேரோடு சுரண்டச் சொன்னோம். அடுத்த பெருமழையில் மண் கரைந்து, கானை அடைத்து, மூன்று காம்பிராவுக்குள் சேறு வந்துவிட்டது. அங்கிருந்த ஒரு பாட்டி, "புல்லு இருந்தவரைக்கும் மண்ணு கரையலையே ஐயா" என்றார். எங்களுக்குப் பதில் இல்லை. மேல் மண்ணை வலைபோலப் பிடித்திருந்தது அந்த நார்வேர்தான்.

ஆகவே மேட்டில் புல்லைக் கட்டையாக வெட்டுங்கள், வேரைச் சுரண்டாதீர்கள். வெறுமையான இடத்தில் வெட்டிவேர் நடலாம்; அதன் நார்வேர் மற்றப் புல்லைவிட மிக ஆழமாக இறங்கும்.

ஆனால் மலையே சரிந்தால் எந்தப் புல்லும் தாங்காது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்கவில்லை. நிலத்தில் வெடிப்பு, மரம் சாய்தல், திடீர் ஊற்று, ஊற்றுத் தண்ணீர் கலங்குதல் கண்டால் சாமான்களைப் பார்க்காமல், பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: லயத்தைச் சுற்றியுள்ள பத்துச் செடிகளின் இலையைப் பார்த்து, எது ஆணிவேர், எது நார்வேர் என்று எழுதுங்கள். மேட்டில் இருப்பதை மட்டும் பிடுங்க வேண்டாம்!