எண்ணுக்கு எத்தனை பிட்?
(கர்னல் பாடத்தில் ஒரு சிறு ஆய்வு)

மூன்றாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல்



ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் 'பிராசஸ் ஐடி என்றால் என்ன?' என்று இரண்டு மார்க் கேள்வி வரும். 'ஒவ்வொரு பிராசஸுக்கும் கர்னல் தரும் தனி எண்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்த எண்ணுக்கு எத்தனை பிட் ஒதுக்குவது, எதை வைத்து அதை முடிவு செய்வது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். கர்னல் எழுதுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு தடவை தப்பாகப் போட்டால் பல வருஷம் கழித்தும் திருத்த முடியாது.

கணக்கு எளிது. 16 பிட் என்றால் 65,536 எண்கள். 32 பிட் என்றால் சுமார் 429 கோடி. 'எத்தனை பேர் இருக்காங்களோ அதுக்கு ஏத்த மாதிரி பிட் போட்டா போச்சு' என்று தோன்றும். அது முதல் கேள்வி மட்டும்தான். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

1. ஒரே நேரத்தில் எத்தனை?

லினக்ஸில் பயனர் எண் முதலில் 16 பிட்டாக இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 65,536 பயனர்கள் என்பது ரொம்ப ஜாஸ்தி. ஆனால் ஒரு பெரிய பல்கலைக்கழகம் எல்லா மாணவருக்கும் ஆளுக்கொரு கணக்கு கொடுக்க நினைத்தால் போதாது. 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4-ல்தான் இது 32 பிட் ஆனது. பழைய புரோகிராம்கள் 16 பிட் எண்ணைத்தான் எதிர்பார்க்கும் என்பதால், பழைய சிஸ்டம் கால்களையும் தூக்கி எறியாமல் கூடவே வைத்துக்கொண்டார்கள்.

2. எவ்வளவு சீக்கிரம் திரும்பி வரும்?

பிராசஸ் எண்ணை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் கர்னலின் இயல்பான உச்ச வரம்பு 32,768. கர்னல் வரிசையாக எண் கொடுத்துக்கொண்டே போகும். உச்சம் வந்ததும் 300-க்குத் திரும்பி, காலியாக உள்ள எண்களை மறுபடி கொடுக்க ஆரம்பிக்கும்.

ஒரு சர்வரில் எந்த நேரத்திலும் 500 பிராசஸ்தான் ஓடுகிறது என்று வையுங்கள். 32,768 தாராளம். ஆனால் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் நொடிக்கு 100 பிராசஸ் உண்டாக்கி முடித்துக்கொண்டே இருந்தால்? 32,768-ஐ 100-ஆல் வகுத்தால் 328 நொடி. ஐந்தரை நிமிஷத்தில் ஒரு சுற்று முடிந்து, பழைய எண் புது ஆளுக்குப் போய்விடும். நீங்கள் 4,712 என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு வந்து 'கில் 4712' என்று அடித்தால், சாவது வேறு யாரோ!

இதன் வலி என் வீட்டுக்கே தெரியும். என் அப்பா தி.நகரில் லோடு ஏற்றி இறக்கும் வேலை செய்கிறார். அவருடைய செல் நம்பரைத்தான் பாங்க், ரேஷன் கார்டு, என் அட்மிஷன் படிவம் எல்லாவற்றிலும் கொடுத்திருந்தோம். முதுகு வலியால் அவர் சில மாதம் வேலைக்குப் போகாதபோது ரீசார்ஜ் செய்யக் காசு இல்லை. நம்பர் செயலிழந்து, பிறகு முகம் தெரியாத ஒருவருக்குப் போய்விட்டது. என் கல்வி உதவித்தொகைக்கு வர வேண்டிய ஓ.டி.பி. அந்த மனிதருடைய போனுக்குப் போனது. அவர் மேல் தப்பே இல்லை. நம்பரைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். பாங்கில் நம்பரை மாற்ற அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போயிற்று. கடைசித் தேதிக்கு முந்தின நாள்தான் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

நம் நாட்டில் செல் நம்பருக்குப் பஞ்சமா? 6, 7, 8, 9-ல் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. தீர்ந்துபோகாதபோதே நம்பர்கள் திரும்பி வருகின்றன. செயலிழந்த நம்பரைக் குறைந்தது 90 நாள் வரை புது வாடிக்கையாளருக்குத் தருவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆனால் பாங்க் லெட்ஜரில் அந்த எண் 90 நாளா இருக்கிறது? வருஷக்கணக்காக இருக்கிறது. ஆக, ஒரு எண் திரும்பி வரும் காலம், அந்த எண்ணைப் பிறர் கையில் வைத்திருக்கும் காலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். கர்னலிலும் இதுதான் விதி.

64 பிட் லினக்ஸில் பிராசஸ் வரம்பை 41,94,304 வரை (22 பிட்) உயர்த்தலாம். அப்போது மேலே சொன்ன ஐந்தரை நிமிஷம் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆபத்து தள்ளிப்போகிறது, ஒழியவில்லை. அதனால்தான் 2019-ல் 'பிட் எஃப்.டி.' என்ற வழியைச் சேர்த்தார்கள். எண்ணைக் குறித்துக்கொள்வதற்குப் பதில், அந்தக் குறிப்பிட்ட பிராசஸைச் சுட்டும் ஒரு பிடியைக் கர்னலிடம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். எண் வேறு ஆளுக்குப் போனாலும் பிடி மாறாது.

3. எண் யார் கையில் போய்ச் சேரும்?

நம் பின்கோடைப் பாருங்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. மயிலாப்பூர் 600004, தி.நகர் 600017, அடையாறு 600020. முதல் மூன்று இலக்கம் எந்த மாவட்டப் பிரிப்பகம், அடுத்த மூன்று எந்தத் தபால் நிலையம் என்று இரண்டு துண்டு. இன்று அதை ஏழு இலக்கம் ஆக்க முடியுமா? ஒவ்வொரு கடை போர்டிலும் பில்லிலும் ஆதார் கார்டிலும் அச்சாகிவிட்டது.

லினக்ஸின் டிவைஸ் எண்ணும் இப்படித்தான். மேஜர் 8 பிட் (எந்த டிரைவர்), மைனர் 8 பிட் (அதில் எந்தச் சாதனம்). ஒரு ஸ்கஸி டிஸ்க்குக்கு அதன் பார்ட்டிஷன்களோடு 16 மைனர் எண் ஒதுக்கினால், ஒரு மேஜருக்கு 16 டிஸ்க்தான். பெரிய சர்வர்களுக்குப் போதவில்லை. 2003 டிசம்பரில் வந்த 2.6-ல் மேஜர் 12, மைனர் 20 என்று 32 பிட் ஆக்கினார்கள். ஆனால் பழைய எண்கள் டிஸ்கில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன! அதனால் கீழே 8 பிட் மைனர், நடுவே 12 பிட் மேஜர், மேலே மீதி 12 பிட் மைனர் என்று உடைத்து அடுக்கினார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் பழைய எண் ஒன்றுகூட மாறவில்லை.

கர்னலுக்குள்ளேயே இருக்கும் எண்ணை அடுத்த வெர்ஷனில் மாற்றலாம். டிஸ்குக்கும் புரோகிராமுக்கும் போன எண்ணை மாற்ற முடியாது. அதனால் வெளியே போகும் எண்ணுக்குத்தான் தாராளமாக இடம் விட வேண்டும்.

அப்போ எல்லாத்துக்கும் 64 பிட் போட்டா என்ன?

நல்ல கேள்வி. நொடிக்குப் பத்து லட்சம் எண் செலவழித்தாலும் 64 பிட் தீர 5 லட்சத்து 80 ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். மெமரியில் இருக்கும் எண்ணுக்கு அப்படிப் போடுவதே பல நேரம் புத்திசாலித்தனம். ஆனால் சில இடங்களில் இடமே கிடையாது.

இதற்கு உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சர்தார் பட்டேல் சாலை ஐ.ஐ.டி. மெட்ராஸில் உருவான 'சக்தி' பிராசஸர், ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த வடிவமைப்பைப் பின்பற்றுகிறது. 2018-ல் அதன் சிப் இந்தியாவிலேயே, செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டரில் தயாரானது.

64 பிட் ரிஸ்க்-ஃபைவில் 'சாட்ப்' என்று ஒரு ரிஜிஸ்டர் உண்டு. எந்தப் பிராசஸின் மெமரி வரைபடம் இப்போது நடப்பில் இருக்கிறது என்று சொல்வது அதுதான். அதில் முறைக்கு 4 பிட், அட்ரஸ் ஸ்பேஸ் எண்ணுக்கு 16 பிட், பேஜ் டேபிள் இருக்கும் இடத்துக்கு 44 பிட். கூட்டினால் சரியாக 64. ஒரு பிட்கூட மிச்சம் இல்லை.

இந்த 16 பிட் எண் எதற்கு? முகவரி மொழிபெயர்ப்புகளைச் சேமிக்கும் டி.எல்.பி. என்ற சின்ன கேஷில், ஒவ்வொரு வரியும் யாருடையது என்று ஒட்டும் சீட்டு அது. சீட்டு இருந்தால் பிராசஸ் மாறும்போது கேஷ் முழுவதையும் துடைக்க வேண்டாம். ஆனால் சீட்டு பெரிதாக ஆக, ஒவ்வொரு வரியிலும் ஒப்பிடும் சர்க்யூட்டும் பெரிதாகும். அதனால் சிப் தயாரிப்பவர் 16-க்குக் குறைவாகவும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. லினக்ஸ் அந்த இடத்தில் முழுக்க 1 எழுதித் திரும்பப் படித்து, எத்தனை பிட் நிஜமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது.

இவ்வளவு சின்ன எண் தீர்ந்தால்? கர்னல் 'தலைமுறை' என்ற இன்னொரு எண்ணைத் தன் மெமரியில் வைத்திருக்கிறது. சீட்டு தீர்ந்ததும் தலைமுறையை ஒன்று கூட்டி, எல்லா டி.எல்.பி.யையும் துடைக்கச் சொல்லி, புதிதாகக் கொடுக்க ஆரம்பிக்கிறது. பழைய சீட்டு ஒருவர் கையிலும் மிஞ்சாது. எண் சின்னதாக இருந்தும் ஆபத்து இல்லை. எல்லாப் பிரதிகளும் கர்னலின் கட்டுப்பாட்டுக்குள் இருப்பதால் இது முடிகிறது. அப்பாவின் பழைய நம்பரை எல்லா லெட்ஜரிலும் ஒரே உத்தரவில் துடைக்க யாராலும் முடியாது.

முடிவாக

புராஜெக்ட்டில் ஒரு டேபிளுக்கு ஐடி போடும்போதும் இந்த மூன்றையும் கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை? எவ்வளவு சீக்கிரம் திரும்பி வரும்? வெளியே யார் கையில் இருக்கும்? மூன்றாவதற்கு 'தெரியாது' என்று பதில் வந்தால், எண்ணைப் பெரிதாக்குங்கள், பழைய எண்ணை மறுபடி கொடுக்காதீர்கள்.

லேபில் லினக்ஸ் இருந்தால், ப்ராக் டைரக்டரிக்குள் சிஸ், அதற்குள் கர்னல், அங்கே பிட்-மேக்ஸ் என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு எண்தான் இருக்கும். அதை நொடிக்கு எத்தனை பிராசஸ் என்பதால் வகுத்துப் பாருங்கள். உங்கள் சிஸ்டத்தில் பழைய எண் எத்தனை நொடியில் திரும்பி வரும் என்று தெரிந்துவிடும்.